‘மாமா’ யார்? ஒலியொப்புமையும் உறவுமுறையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



சொல்லாராய்ச்சி என்றதும் அரிய சொல், வழக்கொழிந்த சொல், கல்வெட்டில் ஒரே ஒருமுறை வரும் சொல் என்று தேடிப் போவது நம் பழக்கம். இன்றைக்கு அதற்கு மாறாக, எல்லார் வாயிலும் புழங்கும் சொல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ‘மாமா’. இரண்டே எழுத்து. உலகின் பல மூலைகளில் இந்த ஒலி இருக்கிறது; பொருள் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. நான் நிறுவ முயல்வது இதுதான்: இச்சொல்லும் இதன் கூட்டாளிகளான அம்மா, அப்பா, அக்கா, அத்தா முதலியனவும் மொழிக்கு மொழி ஒலியால் ஒத்திருப்பது, அம்மொழிகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சான்றாகாது. ஆனால் அவற்றின் பொருள் வேறுபடும் விதம், அந்தந்தச் சமூகம் தன் உறவுகளை எப்படி வகுத்து வைத்திருக்கிறது என்பதற்குச் சில இடங்களில் நல்ல சான்றாகும். முதற்பாதி தமிழர்களாகிய நமக்குக் கொஞ்சம் கசக்கும். அம்மா, அப்பா என்னும் இரண்டு சொற்களை வைத்தே கொரியாவரைக்கும் சுமேரியாவரைக்கும் சொந்தம் கொண்டாடிப் பழகிவிட்டோம்.

1. சொல் வாழும் இடங்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் மாமா என்றால் தாய். தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைநாட்டுக் கெச்சுவா மக்களுக்கும் தாய்தான். நிலமகளைப் பச்சமாமா என்று வழிபடுகிறார்கள். உருசியர் வாயிலும் சீனர் வாயிலும் தாய். இந்தியிலும் வங்காளியிலும் மராத்தியிலும் தாயின் உடன்பிறந்தான். துருக்கியில் அது ஆளே இல்லை, கைக்குழந்தைக்கு ஊட்டும் உணவு. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில் வாழும் பிட்ஜன்ஜாரா மக்கள் மாமா என்று சொல்வது தந்தையை.

தந்தை என்னும் பொருள் ஏதோ விதிவிலக்கு, எங்கோ நேர்ந்த பிசகு என்று நினைப்பவர்கள் ஜார்ஜியாவைப் பார்க்க வேண்டும். காகசஸ் மலைத்தொடரின் தெற்கே உள்ள அந்நாட்டு மொழியில் மாமா என்றால் தந்தை, தாய்க்குத் ‘தேதா’. இது மழலையோடு நின்றுவிடும் வழக்கும் அன்று. தாய்மொழிக்குத் ‘தேதா ஏனா’ என்று பெயர். யாக்கோப் கோகெபாஷ்விலி 1876-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அரிச்சுவடியின் தலைப்பும் அதுவே. பூமி ‘தேதாமிட்சா’, தலைநகர் ‘தேதாகலாக்கி’. தலைநகர் திபிலீசியின் குன்றில் ஒரு கையில் மதுக்கிண்ணமும் மறுகையில் வாளும் ஏந்தி நிற்கும் பெண்சிலை, 1958-இல் நிறுவப்பட்டது, ‘கார்ட்லிஸ் தேதா’, அதாவது நாட்டின் அன்னை. மறுபுறம், சேவலுக்கு ‘மாமாலி’, ஆண்மகனுக்கு ‘மாமாகாட்சி’, தேவாலயத்துக் குருவை அழைக்க ‘மாமாவோ’. ஆண்மை என்னும் பொருட்புலம் முழுவதும் மகரத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. இவ்வளவு கிளைவிட்ட சொல்லைப் பிசகு என்று தள்ள முடியாது.

அவ்வளவு தூரம் போவானேன், மங்களூர்வரை போனால் போதும். துளு நம் திராவிடக் குடும்பத்து மொழி. அதில் ஐயம் யாருக்கும் இல்லை. அங்கே ‘அப்பெ’ என்றால் தாய், ‘அம்மெ’ என்றால் தந்தை. நம் அப்பாவும் அம்மாவும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயமற உறவுடைய மொழியிலேயே பொருள் தலைகீழாக நிற்க, உறவே நிறுவப்படாத கொரியத்தில் ‘ஓம்மா’ தாயாகவும் ‘அப்பா’ தந்தையாகவும் நமக்கு அப்படியே பொருந்துகின்றன. இந்த ஒரு முரணை நேராக எதிர்கொண்டாலே போதும். ஒலியொப்புமையை உறவுக்கு அளவுகோலாக வைப்பவர்கள் தங்கள் கோலை மாற்றியாக வேண்டும்.

கூட்டாளிச் சொற்களுக்கும் இதே கதைதான். தமிழில் பாப்பா குழந்தை, பிரெஞ்சில் தந்தை, இத்தாலியில் அழுத்திச் சொன்னால் குழந்தைக்கான கூழ். அக்கா நமக்குத் தமக்கை, வடமொழியில் தாய். அத்தன் பழந்தமிழில் தந்தை. நான்காம் நூற்றாண்டுக் கோதிக் விவிலியத்திலும் ‘அத்தா’ தந்தை. தமிழக முஸ்லிம் வீடுகள் பலவற்றில் இன்றைக்கும் தந்தையை அழைக்கும் சொல் அது. பாபா துருக்கியில் தந்தை, உருசியத்தில் கிழவி. கெச்சுவாவில் ‘பாப்பா’ உருளைக்கிழங்கு என்பதையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்து வேடிக்கை காட்டுவதுண்டு. அது வெறும் தற்செயல்; இப்பேச்சுக்கு அது வேண்டாம். நாம் பேசுவது தற்செயலைப் பற்றியும் அன்று, மரபுரிமையைப் பற்றியும் அன்று. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது.

2. வாய் தருவது

பகரமும் மகரமும் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்துவதால் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகிறது. மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் வளியும் வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இவ்விரண்டு செய்திகளையும் ஒரு கைக்குழந்தையின் வாயில் வைத்துப் பாருங்கள். நாக்கை மடித்து ழகரம் சொல்வதற்கும், நுனியை அண்ணத்தில் அளவாக ஒற்றி றகரம் சொல்வதற்கும் ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். இதழை மூடித் திறப்பதற்குப் பழக்கம் எதுவும் வேண்டாம். பால் குடிக்கும் பிள்ளை பிறந்த நாளிலிருந்து செய்யும் வேலை அது. மூடிய இதழோடு குரல் எழுப்பினால் காற்று மூக்கு வழியாகத்தான் போக முடியும், வருவது ‘ம்ம்ம்’. வாய் திறந்ததும் ஆகாரம் தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆறாம், ஏழாம் மாதங்களில் பிள்ளைகள் அசையை மடக்கி மடக்கிச் சொல்லத் தொடங்கும்போது மாமாவும் பாப்பாவும் தாத்தாவும் முன்வரிசையில் நிற்பது இதனால்தான்.

உருசியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதற்கு இன்றளவும் அடிப்படை. அவர் கையில் இருந்த தரவு, மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் முந்தைய ஆண்டு வெளியிட்டது: உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 1,072 பெற்றோர்ச் சொற்கள். அவற்றில் 531 தாய்க்குரியவை, 541 தந்தைக்குரியவை. தாய்ச்சொற்களில் 55 விழுக்காடு மெல்லெழுத்தை முதன்மையாகக் கொண்டவை. தந்தைச் சொற்களில் அப்படி அமைந்தவை 15 விழுக்காடுதான். இதற்கு யாக்கப்சன் சொன்ன விளக்கம் எளியது. மார்பில் வாய் வைத்திருக்கும் பிள்ளை எழுப்பக்கூடிய ஒலி மூக்கொலி ஒன்றே. பிறகு பாலைக் கண்டாலும், பசித்தாலும், எது வேண்டுமென்றாலும் அந்த ஒலியே முறையீடாக வருகிறது. முறையீட்டுக்குப் பெரும்பாலும் ஓடிவருபவள் தாய். ஆகவே தன்னைத்தான் அழைக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்கிறாள்.

இது மேலைநாட்டார் ஊகம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. யாக்கப்சன் கேள்விப்பட்டிருந்தால் மகிழ்ந்திருக்கக்கூடிய சான்று தமிழில் உண்டு. பெரியாழ்வார் திருமொழியில் யசோதை தன் மகனுக்குப் பால் கொடுக்க அஞ்சுவதாகப் பாடும் பதிகம் ஒன்று இருக்கிறது. அங்கே முலைப்பாலுக்கு ஆழ்வார் ஆளும் சொல் ‘அம்மம்’. பெரும்புலவர் ஒருவர் குழந்தைப் பேச்சை அப்படியே பாசுரத்துக்குள் அனுமதித்திருப்பதால், ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய தமிழ்த் தொட்டிலின் ஓசை நமக்குக் கிடைக்கிறது. இன்றைக்கும் ‘மம்மு சாப்பிடு’ என்றுதான் சோறு ஊட்டுகிறோம். ஜப்பானியத் தாய்மார் ‘மம்மா’ என்கிறார்கள்; துருக்கியில் மாமாவே சோறு. இலத்தீனில் ‘மம்மா’ மார்பையும் குறித்தது. பாலூட்டி இனத்துக்கு லின்னேயஸ் 1758-இல் சூட்டிய பெயர் அதிலிருந்து வந்தது. பால், மார்பு, சோறு, அதைத் தருபவள் ஆகிய நான்கும் ஒரே ஒலியைச் சுற்றி நிற்கின்றன. பொருள் முதலில் பிறந்து அதற்கு ஒலி தேடப்படவில்லை. ஒலி முதலில் பிறந்து, எதிரே நின்ற பொருளெல்லாம் அதன்மேல் ஒட்டியது.

55 விழுக்காடு என்பது பெரும்பான்மை, விதி ஆகாது. அந்தப் பதினைந்து விழுக்காட்டுக்குள் ஜார்ஜியத் தந்தையும் பிட்ஜன்ஜாராத் தந்தையும் துளுத் தந்தையும் அடங்குவார்கள். பிள்ளை எழுப்பும் ஒலிகள் நாலைந்து. எதை யாருக்குரியதாகக் கொள்வது என்பது கேட்கும் பெரியவர்கள் கையில் இருக்கிறது. ஒருமுறை ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுவே சொல்லிக்கொடுக்கப்படும். ஜார்ஜியப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே ‘மாமாமா’ என்கிறது. அங்கே முகம் மலர்ந்து திரும்பிப் பார்ப்பவர் தகப்பனார், அவ்வளவுதான். இதை வைத்து ஜார்ஜியத் தந்தையர் பிள்ளை வளர்ப்பில் வல்லவர்கள் என்று முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

3. பெயரும் விளியும்

இச்சொற்கள் அடிப்படையில் பெயர்கள் அல்ல, அழைப்புகள். மேலைநாட்டு அறிஞர்கள் இவற்றைப் ‘பெற்றோரைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள்’ என்றே அட்டவணையிட்டார்கள். இந்தியாவின் இரண்டு பேரிலக்கணங்களோ, இச்சொற்கள் விளியாகும்போது தனிப்போக்கு உடையவை என்பதைத் தனித்தனியே கண்டு விதி எழுதிவைத்தன. பாணினியின் 7.3.107ஆம் நூற்பா, அம்பா என்னும் பொருளுடைய சொற்கள் விளியில் இறுதி நெடில் குறுகும் என்கிறது. அம்ப, அக்க, அல்ல என்பவை உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள். பொதுவிதிப்படி வர வேண்டிய வடிவம் வராமல், தாயை அழைக்கும் சொல்லுக்குத் தனிவிதி. தொல்காப்பிய விளிமரபும் ஐகார இறுதிப் பெயர்களுக்குப் பொதுவிதி சொல்லிவிட்டு, முறைப்பெயர்களாயின் ஆகாரமாகவும் வரும் என்று தனியே எடுத்துரைக்கிறது. அன்னை ‘அன்னாய்’ ஆவதோடு ‘அன்னா’வும் ஆகலாம், அத்தை ‘அத்தா’ ஆகலாம். வேறு வேறு மொழிக்கு, வேறு வேறு நெறியில் இலக்கணம் வகுத்தவர்கள் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். அவர்கள் கால் பட்ட இடம் மொழியின் அழைப்பு அடுக்கு.

சங்க நூல்களில் ‘அம்ம’ என்பது பெரிதும் தாயைக் குறிக்கவில்லை. எதிரே இருப்பவரைக் கேட்கச் செய்யும் இடைச்சொல் அது. தொல்காப்பிய இடையியலும் அதன் வேலை கேட்பிப்பது என்றே வரையறுக்கிறது. ஐங்குறுநூற்றின் ‘அம்ம வாழிப் பத்து’ முழுவதும் தோழியை நோக்கி எழும் அழைப்பு. பிள்ளை ‘என்னைக் கவனி’ என்று எழுப்பும் ஒலியும், தலைவி ‘நான் சொல்வதைக் கேள்’ என்று தொடங்கும் ஒலியும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதே நூலில் அன்னாய் என்னும் விளி தாய்க்கும் போகிறது, தோழிக்கும் தலைவிக்கும் போகிறது. தொல்காப்பியப் பொருளியல் இதைக் கவனித்து, அன்னை என்று அவர்கள் ஒருவரையொருவர் அழைப்பது தொன்றுதொட்டு வந்த முறை என்று அமைதி கூறி விடுகிறது. அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த வழக்கு புரியாது.

இன்றைய வீட்டுக்கு வாருங்கள். மகளைப் பார்த்து ‘வாம்மா’ என்கிற தகப்பன், மகனைப் பார்த்து ‘என்னப்பா’ என்கிற தாய், பேருந்தில் முன்பின் தெரியாத பெண்ணிடம் ‘கொஞ்சம் தள்ளிக்கம்மா’ என்கிற நடத்துநர். யாரும் தாயையோ தந்தையையோ கருதவில்லை. அரபு நாடுகளில் தாய் தன் பிள்ளையையே ‘மாமா’ என்றும் தந்தை தன் பிள்ளையை ‘பாபா’ என்றும் கொஞ்சி அழைப்பது அன்றாட வழக்கு. அழைக்கப்படுபவரின் பெயர் அது என்று கொண்டால் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பைத் தொட்டு எழுப்பும் விளி என்று கொண்டால், எந்த முனையிலிருந்து எழுந்தாலும் பொருந்திவிடுகிறது. பொருள் இவ்வளவு எளிதாக வழுக்கும் சொற்களை மொழிக்குடும்ப உறவுக்குக் கல்வெட்டுச் சான்று போலக் காட்டுவது எப்படிச் சரியாகும்?

4. மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் மதிக்கத் தக்கவை.

முதலாவது: உலகம் முழுவதும் ஒத்திருப்பதற்கு வாயமைப்பைக் காரணம் காட்டுவானேன்; மனித இனத்தின் முதல் மொழியில் மாமாவும் பாப்பாவும் இருந்து எல்லா மொழிகளுக்கும் வழிவழியாக வந்திருக்கலாமே? இப்படி வாதிடும் ஆய்வாளர்கள் மேலைநாட்டிலும் இருக்கிறார்கள். ஒலிமாற்றம் என்னும் பேராறு இதற்கு விடை சொல்லும். இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் தந்தைக்குரிய சொல் பகரத்தில் தொடங்கியது. இலத்தீனில் ‘பாட்டெர்’ என்று நின்றது. அதே சொல் ஆங்கிலத்தில் இதழும் பல்லும் உரசும் ஒலியோடு ‘ஃபாதர்’ ஆயிற்று, ஆர்மீனியத்தில் ‘ஹாய்ர்’, அயர்லாந்து மொழியில் முதல் மெய்யே உதிர்ந்து ‘அஹர்’ என்று ஒலிக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளில் இவ்வளவு சிதைவு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாப்பா மட்டும் கீறல் விழாமல் வந்து சேரும் என்பது நம்பத் தக்கதன்று. சிதைந்த இடங்களிலெல்லாம் பாப்பாவும் டாடும் புதிதாக முளைத்திருப்பதே நாம் காண்பது.

ஜப்பான் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. இன்று அங்கே தாய் ‘ஹஹா’, தந்தை ‘சிச்சி’. 1516ஆம் ஆண்டினது எனப்படும் விடுகதைத் திரட்டு ஒன்றில் ஒரு புதிர்: தாயோடு இருமுறை சந்திப்பது, தந்தையோடு ஒருமுறையும் சந்திக்காதது எது? விடை இதழ்கள். இன்றைய ‘ஹஹா’வைச் சொல்லிப் பாருங்கள், இதழ்கள் கூடுவதே இல்லை, புதிர் பொருளற்றுப் போகும். ஆகவே அக்காலத்தில் அச்சொல் இதழ் நெருங்கி ஊதும் ஒலியோடு ‘ஃபஃபா’ என்று ஒலித்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். அதற்கும் முந்தைய நிலை ‘பாப்பா’. பழைய ஜப்பானியத்தில் பாப்பா என்றால் தாய்! குழந்தைச் சொல்லாகப் பிறந்தது பெரியவர்களின் முறையான சொல்லாகப் பதவி உயர்ந்ததும், மற்றச் சொற்களைப் போலவே ஒலிமாற்றத்துக்கு ஆட்பட்டுத் தேய்ந்தது. தேயாமல் இருப்பது சொல்லன்று; தலைமுறைதோறும் புதிதாகப் பிறக்கும் மழலை.

இரண்டாவது மறுப்பு நம்முடையது. அம்மா, அப்பா பொருந்துவதால் தமிழும் கொரியமும் உறவு. ‘அமா’ என்று தாயைச் சொன்னதால் சுமேரியமும் உறவு. கொரியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு காட்ட ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் சியோலில் ஒரு நூலே வெளியிட்டார். அவர் இலக்கண ஒப்பீடு செய்ய முனைந்தவர்; முடிவை மொழியியலார் ஏற்கவில்லை என்றாலும் முயற்சி முறையானது. இன்று மேடைகளில் சொல்லப்படுவதோ பெரும்பாலும் இரண்டு மழலைச் சொற்கள்தான். கால்டுவெல் 1856-இல் திராவிடக் குடும்பத்தை நிறுவியபோது அக்கா, அம்பா போன்றவை வடமொழி நம்மிடம் பெற்றவை என்று பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அவர் கட்டடம் நிற்பது எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமை உருபு, வினைவிகுதி ஆகியவற்றின்மேல். அந்த இரண்டு சொற்களை உருவிவிட்டாலும் கட்டடத்தில் ஒரு செங்கல்லும் அசையாது. கொரியக் கோட்பாட்டிலிருந்து அம்மாவையும் அப்பாவையும் உருவிவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதே நேர்மையான சோதனை.

தமிழின் பழமையை இது குறைக்கிறது என்று யாரும் வருந்த வேண்டாம். பெற்றோர்ச் சொற்களில் தமிழின் உண்மையான சொத்து வேறிடத்தில் இருக்கிறது. என் தாய் யாய், உன் தாய் ஞாய், அவன் தாய் தாய். என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, அவன் தந்தை தந்தை. யாருடைய தாய் என்பதைச் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்த இந்த அமைப்பு எந்தக் குழந்தையின் வாயிலும் தானே பிறக்காது. இத்தகைய அமைப்பு வேறொரு மொழியில் ஒலியிலும் இலக்கணத்திலும் ஒத்துக் கிடைத்தால் அதை உறவுச் சான்று என்று தாராளமாகச் சொல்லலாம். நம் பெருமைக்குரியதை விட்டுவிட்டு, உலகத்துப் பிள்ளைகளெல்லாம் சொல்வதை நம்முடையது என்று பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு: வாயே காரணமென்றால் தமிழ்ப் பிள்ளைகள் ‘மம்மி’, ‘டாடி’ என்பது ஏன்? இங்கே வேலை செய்வது வாய் அன்று, நாகரிக மோகம். கடன் வாங்கலும் இச்சொற்களுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஜப்பானியப் பிள்ளைகள் இன்று மேலைநாட்டு வழக்கைப் பின்பற்றித் தாயை ‘மாமா’ என்றும் தந்தையை ‘பாப்பா’ என்றும் அழைக்கிறார்கள். ஒருகாலத்தில் அந்நாட்டில் தாயாக இருந்த பாப்பா, கப்பலேறி வந்து தந்தையாகிவிட்டது. கடன் வாங்கிய வரலாறு தெரிந்திருப்பதால்தான் இதைப் பிரித்தறிகிறோம். வரலாறு தெரியாத இடத்தில் ஒலியை மட்டும் வைத்து மரபுரிமையா, கடனா, மழலையா என்று தீர்ப்பளிக்க வழியில்லை. இம்மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

5. வீடு தருவது

ஒலி சான்றாகாது என்றேன். பொருள் எங்கே சான்றாகும்? தாயா, தந்தையா என்ற வேறுபாடு பெரும்பாலும் தற்செயல். அதிலிருந்து எதையும் கறக்க முடியாது. ஆனால் மாமா பெற்றோரைத் தாண்டி உறவினரிடம் போகும்போது நிலைமை மாறுகிறது. எந்த உறவினரோடு எந்த உறவினரை ஒரே சொல்லில் அடக்குவது என்பதை மழலை தீர்மானிப்பதில்லை, சமூகம் தீர்மானிக்கிறது.

இந்தியையும் தமிழையும் அருகருகே வையுங்கள். இந்தியில் மாமா தாயின் உடன்பிறந்தான் மட்டுமே. தந்தையின் சகோதரி கணவர் ‘பூஃபா’, மனைவியின் அல்லது கணவனின் தந்தை ‘சசுர்’. மூன்று ஆள், மூன்று சொல். ஒருவர் மற்றவராக முடியாது. தமிழில் தாயின் உடன்பிறந்தான் மாமா, அத்தை கணவர் மாமா, பெண் கொடுத்தவர் மாமா. மாமனார் என்பது மாமனோடு மரியாதை விகுதி சேர்ந்த வடிவம்தான். தெலுங்கு மாமாவும் கன்னட மாவாவும் இதே எல்லையில் நிற்கின்றன. தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது முறையாக இருந்த சமூகத்தில் இம்மூவரும் ஒரே ஆளாகவே இருக்க முடியும். ஆகவே ஒரே சொல் போதும். மறுமுனையும் அப்படியே அமைந்திருக்கிறது: ‘மருமகன்’ என்பது உடன்பிறந்தாள் மகனையும் குறிக்கும், மகளை மணந்தவனையும் குறிக்கும். மலையாள நாட்டில் தாய்மாமன் சொத்து அவர் சகோதரியின் மக்களுக்குப் போன முறைக்கு மருமக்கத்தாயம் என்றே பெயர். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுப்பெயர்கள் குருதி உறவு, மண உறவு என்னும் இரண்டு பெருவகுப்புகளை எதிரெதிரே நிறுத்துகின்றன என்றார். அவ்வாறு பார்த்தால் நம் மாமா தாய்வழிச் சொந்தம் என்பதைவிட, கொள்வினை கொடுப்பினைக்கு உரிய வீட்டின் தலைவர். சித்தப்பாவும் பெரியப்பாவும் ‘அப்பா’ ஆவதும், மாமா ஒருபோதும் அப்பா ஆகாததும் இதனால்தான்.

இந்தக் கணக்கு தெரிந்தால், தமிழகத்தின் சில பகுதிகளில் மனைவி கணவனையே ‘மாமா’ என்று அழைப்பது விளங்கும். அக்காள் மகளை மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் அந்தக் கணவர் பெண் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கு மாமாதான். திருமணம் அழைப்பை மாற்றுவதில்லை. ஆண்டாள் திருப்பாவையின் ஒன்பதாம் பாசுரத்தில் மாமான் மகளை எழுப்பப் போகிறவர்கள் ‘மாமீர்’ என்று அவள் தாயைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டு வாசலில் உரிமையோடு நின்று குரல் கொடுப்பதற்கு அந்த முறைப்பெயரே அனுமதிச் சீட்டு. இந்திக்காரர் செவியில் இந்த உரிமை விழாது, ஒலி முழுவதும் விழுந்தாலும்.

இங்கும் ஒரு மறுப்பு உண்டு. முறைப்பெண்ணை மணக்கும் வழக்கம் நகரங்களில் அருகிவிட்டதே, சொல் மட்டும் ஏன் மாறவில்லை என்று கேட்கலாம். சொல்லமைப்பு வழக்கத்தைவிட மெதுவாக நகரும். வழக்கம் போய் இரண்டு மூன்று தலைமுறை ஆனாலும் பெயர்ப் பாகுபாடு நிற்கும். ஆனால் நகரவே இல்லை என்று சொல்ல முடியாது. மாமா, சித்தப்பா, பெரியப்பா ஆகிய மூவரையும் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல் விழுங்கத் தொடங்கியிருக்கிறது. மணம் செய்யத் தக்க வீடு, தகாத வீடு என்று நம் முன்னோர் போட்ட கோட்டை, அந்தக் கோட்டையே அறியாத மொழியிலிருந்து வந்த சொல் அழிக்கிறது. பெருமைப்படவோ அழவோ இதில் ஒன்றும் இல்லை. கவனித்துப் பதிவு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எந்த ஊரில், எந்தச் சமூகத்தில், எந்த உறவினருக்கு முதலில் அங்கிள் வந்தது, யாரிடம் மாமா இன்னும் விடாமல் நிற்கிறது என்பதை ஆய்வு மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டெழுதலாம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், காதணி விழா அழைப்பிதழ்களைத் திரட்டுவதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். பிள்ளை அன்றாடம் அங்கிள் என்று கூப்பிட்டாலும், யார் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது என்ற இடத்தில் அழைப்பிதழ் இன்னும் ‘தாய்மாமன்’ என்றுதான் அச்சிடுகிறது.